ஆங்கில இணைப்புப் பெயர் எப்பெயரைச் சுட்டுகிறது? – மொழிபெயர்ப்பு நோக்கில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ஒரு பெயரைத் தொடர்ந்து 'ஹூ', 'விச்', 'தட்' முதலிய சொற்களுள் ஒன்று நின்று ஒரு துணைவாக்கியத்தைத் தொடங்கிவைக்கும். அத்துணைவாக்கியம் முன்நின்ற பெயருக்கு அடையாக அமையும். இச்சொற்களை இணைப்புப் பெயர் என்றும், அவை சுட்டும் பெயரை முற்பெயர் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. துணைவாக்கியத்துக்கு முன்னர் ஒரே பெயர் இருப்பின் இடர்ப்பாடு இல்லை. இரண்டு அல்லது மூன்று பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும்போதுதான் அவற்றுள் எது முற்பெயர் என்னும் வினா எழுகிறது.

ஆங்கிலத்தில் படித்துச் செல்பவர் இவ்வினாவுக்கு விடை காணாமலே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். மொழிபெயர்ப்பாளர் அவ்வாறு போக இயலாது. தமிழில் அத்துணைவாக்கியம் பெரும்பாலும் பெயரெச்சத் தொடராகி, தான் தழுவும் பெயருக்கு முன்னே சென்று நிற்க வேண்டியிருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போதே எதைத் தழுவுகிறது என்பதும் பெருமளவு முடிவாகிவிடுகிறது.

இம்முடிவின் விளைவு சிறிதன்று. அதிகாரமுறைப் பனுவல்கள் (மையச் சட்டங்கள்) சட்டம், 1973இன்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்பெறும் மையச் சட்டத்தின் தமிழாக்கம், தமிழில் அச்சட்டத்தின் அதிகாரமுறைப் பனுவலாகவே கருதப்படுகிறது. அத்தகைய பனுவலில் ஓர் அடை எப்பெயருக்குரியது என்பது ஒருவரது உரிமையை நிலைநாட்டவும் மறுக்கவும் வல்லது. எனவே, ஆங்கிலத்தில் முற்பெயரைக் கண்டறியும் வழிகளையும், அது தமிழுக்கு வரும்போது நேரும் இடமாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆங்கிலம் தரும் குறிப்புகள்

2.1 இணைப்புப் பெயரின் வடிவம்

'ஹூ' என்பது உயர்திணைக்குரியது; 'விச்' அஃறிணைக்குரியது. ஆகவே, இரு பெயர்களுள் ஒன்று ஆளையும் மற்றொன்று பொருளையும் குறிக்குமாயின் ஐயம் எழாது.

(1) 'எ மேன் கேம் டு தி ஆபீஸ் ஹூ ஸ்போக் ஒன்லி துளு'

இங்கு இணைப்புப் பெயருக்கு மிக அண்மையில் நிற்பது அலுவலகம். ஆயினும், துளு மட்டுமே பேசியவர் அலுவலகத்துக்கு வந்த ஆள்தான் என்பதை 'ஹூ' என்னும் வடிவமே உணர்த்திவிடுகிறது. 'தட்' இரு திணைக்கும் பொதுவாதலின் இவ்வுதவியைச் செய்யாது. 'ஹூஸ்' என்னும் உடைமை வடிவமும் அத்தகையதே.

2.2 வினையின் எண்

இணைப்புப் பெயருக்கு ஒருமை பன்மை வேறுபாடு இல்லை. ஆனால், அதனைத் தொடரும் வினை நிகழ்காலத்தில் அவ்வேறுபாட்டைக் காட்டும்.

(2) 'ஷி இஸ் ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ நோ தெலுகு'
(3) 'ஷி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் த டீச்சர்ஸ் ஹூ நோஸ் தெலுகு'

(2)இல் 'நோ' பன்மை வினை, முற்பெயர் ஆசிரியர்கள். (3)இல் 'நோஸ்' ஒருமை வினை; முற்பெயர் அவர்களுள் ஒருவர். முன்னதைத் 'தெலுங்கு அறிந்த ஆசிரியர்களுள் அவரும் ஒருவர்' என்றும், பின்னதை 'ஆசிரியர்களுள் தெலுங்கு அறிந்தவர் அவர் ஒருவரே' என்றும் பெயர்த்தல் வேண்டும். ஓர் எழுத்தின் வேறுபாடு, தெலுங்கு அறிந்தோரின் எண்ணிக்கையையே மாற்றிவிடுகிறது.

இக்குறிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. 'ஷல்', 'மஸ்ட்', 'மே' முதலிய துணைவினைகளும், 'பி' வினை ஒழிந்த இறந்தகால வினைகளும் எண் காட்டா. சட்டங்களிலும் விதிகளிலும் மிகுதியாக வருவன 'ஷல்', 'மே' என்பனவே. ஆகவே, ஐயம் அகற்றப்பட வேண்டிய இடத்திலேயே இக்குறிப்பு பெரும்பாலும் கிட்டாமற் போகிறது.

2.3 இயற்பெயரும் காற்புள்ளியும்

பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக்காட்டும் துணைவாக்கியத்துக்கு முன்னே ஆங்கிலம் காற்புள்ளி இடுவதில்லை. ஏற்கெனவே அறியப்பட்ட ஒன்றைப் பற்றிக் கூடுதல் செய்தி தரும் துணைவாக்கியத்துக்கு முன்னே காற்புள்ளி இடும். இயற்பெயர் தானே ஒருவரைப் பிரித்துக்காட்டுவதாதலின், பிரித்துக்காட்டும் துணைவாக்கியம் அதனைப் பொதுவாகத் தழுவாது. இதனால், 'த பிரதர் ஆஃப் ராமன் ஹூ லிவ்ஸ் இன் மும்பை' எனக் காற்புள்ளியின்றி வரின், மும்பையில் வாழ்பவர் சகோதரரே என்று கொள்ள இடமுண்டு. காற்புள்ளியுடன் வரின் இருவருள் எவரும் ஆகலாம்.

2.4 முழு வாக்கியமும் முற்பெயராதல்

'விச்' சில இடங்களில் எந்தப் பெயரையும் சுட்டாமல் முன்வந்த செய்தி முழுவதையும் சுட்டும்.

(4) 'ஹி டிட் நாட் ரிப்ளை டு த லெட்டர், விச் சர்ப்ரைஸ்ட் மி'

வியப்பளித்தது கடிதமன்று, அவர் விடையெழுதாமை. இதனைப் 'எனக்கு வியப்பளித்த கடிதத்துக்கு அவர் விடையெழுதவில்லை' எனப் பெயரெச்சமாக்கின் பொருள் கெடும். 'அவர் கடிதத்துக்கு விடையெழுதாதது எனக்கு வியப்பளித்தது' எனத் தொழிற்பெயர் கொண்டு அமைத்தலே தக்கது. காற்புள்ளிக்குப் பின் 'விச்' வருமிடங்களில் இவ்வாய்ப்பையும் மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

3. அண்மை என்னும் அளவுகோல்

மேற்கண்ட குறிப்புகள் எவையும் உதவாதபோது, அண்மையில் உள்ள பெயரையே முற்பெயராகக் கொள்க என்பது இலக்கண நூல்களில் காணப்படும் பொது அறிவுரை. மொழியுளவியலாரும் இதற்கு அடிப்படை தேடியுள்ளனர். கிம்பல் 1973இல், புதிதாக வரும் சொல்லை வாக்கியக் கிளைப்படத்தின் வலக்கோடியில் உள்ள கீழ்க்கிளையோடு ஒட்டுவதே கேட்போரின் இயல்பு என்றார். ஃபிரேசியர் 1978இல் தம் முனைவர் பட்ட ஆய்வில், இறுதியாகக் கையாண்ட தொடரோடு புதிய சொல்லைச் சேர்க்கும் போக்கு எனப் பொதுமைப்படுத்தினார். இது மனித மனத்தின் பொது இயல்பெனின் எல்லா மொழிகளிலும் காணப்படல் வேண்டும்.

குவேட்டோஸ், மிட்செல் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட வாக்கிய வகை இது:

(5) 'சம்ஒன் ஷாட் த சர்வண்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் த பால்கனி'

யாரோ ஒருவர், நடிகையின் பணியாளைச் சுட்டார். மாடி முகப்பில் இருந்தவர் யார் என்பதே வினா. ஆங்கிலம் பேசுவோர் அண்மையில் உள்ள நடிகையைத் தேர்ந்தெடுக்கும் போக்குடையோராக இருந்தனர். இதற்கு இணையான ஸ்பானிய வாக்கியத்தில், சொல்வரிசை ஒன்றாகவே இருந்தும், ஸ்பானியம் பேசுவோர் சேய்மையில் உள்ள பணியாளைத் தேர்ந்தெடுக்கும் போக்குடையோராக இருந்தனர். பின்னர்ப் பல மொழிகளில் நடைபெற்ற ஆய்வுகள் இப்போக்கு மொழிக்கு மொழி வேறுபடுவதைக் காட்டின. இரு பெயர்களை இணைக்கும் முன்னிடைச்சொல் எது என்பதும் இதில் பங்கு பெறுகிறது. உடைமைப் பொருளில் 'ஆஃப்' வரும்போது இரு பெயர்களும் போட்டியிடுகின்றன. 'வித்' வரும்போது அண்மைப் பெயரே பெரிதும் வெல்கிறது.

ஆகவே, அண்மை என்பது விதியன்று. ஆங்கிலம் படிப்போரின் சாய்வு மட்டுமே. தம் தாய்மொழியின் சாய்வை ஆங்கில வாக்கியத்தின் மீது ஏற்றிப் படிக்கும் வாய்ப்பு மொழிபெயர்ப்பாளருக்கு எப்போதும் உண்டு.

4. தமிழ்ப் பெயரெச்சம்

தமிழில் இணைப்புப் பெயருக்கு நேரான சொல் பெயரெச்சத்தில் இல்லை. எச்சத்துக்கும் பெயருக்கும் இடையே உள்ள உறவைப் பொருளே உணர்த்துகிறது. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை இடம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாகத் தொல்காப்பியர் வினையியலில் வகுத்துரைத்தார். 'எழுதிய அறை', 'எழுதிய நூல்', 'எழுதிய நாள்', 'எழுதிய பேனா', 'எழுதிய புலவர்', 'எழுதிய எழுத்து' என ஆறிடத்தும் 'எழுதிய' என்னும் வடிவம் மாறவில்லை. திணை, பால், எண் எதனையும் அது காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' என்னும் வேறுபாடும் வினையின் எண்ணும் தந்த குறிப்புகள் தமிழ்ப் பெயரெச்சத்தில் மறைந்துவிடுகின்றன.

எச்சத்துக்கும் அதை முடிக்கும் சொல்லுக்கும் இடையே, பொருள் இயைபு கெடாதவரை, பிற சொற்கள் வரலாம் என்றும் தொல்காப்பியம் உடன்படுகிறது. பிற்கால இலக்கணத்தார் இதனை இடைப்பிறவரல் என்பர். முடிக்கும் பெயர் எச்சத்தை அடுத்தே நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் தமிழில் என்றுமே இருந்ததில்லை என்பது இதனால் விளங்கும்.

(5)இல் உள்ள பெயர்த்தொடரை 'மாடி முகப்பில் இருந்த நடிகையின் பணியாள்' எனப் பெயர்த்தால், எச்சத்தை அடுத்து நிற்பது நடிகை. இடையிட்டு நிற்பது பணியாள். ஆங்கிலத்திலும் அண்மையில் நின்றது நடிகையே. ஆங்கிலத் தொடரைக் கண்ணாடியில் பார்த்தாற்போல வரிசை முழுவதும் தலைகீழாக, அண்மை சேய்மை உறவு மட்டும் மாறாமல் நிற்கிறது. இருபொருள்பாடும் ஏறத்தாழ அப்படியே காக்கப்படுகிறது. பணியாளுக்கு உரியதாக்க விரும்பி 'நடிகையின் மாடி முகப்பில் இருந்த பணியாள்' என எச்சத்தை நடுவே வைத்தால், மாடி முகப்பு நடிகையுடையது என்னும் புதிய பொருள் ஒன்று வந்து புகுகிறது.

5. எண்ணுத்தொடரில் நேரும் புரட்சி

உடைமைத் தொடரில் கண்ட இக்கண்ணாடி உறவு, 'உம்' அல்லது 'அல்லது' கொண்டு இணைத்த எண்ணுத்தொடரில் இல்லை. இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே. ஒரு விதியில் பின்வருமாறு வருவதாகக் கொள்வோம்:

(6) 'அன் அப்ளிகேஷன் அண்ட் எ சர்டிபிகேட் விச் ஷல் பி அட்டெஸ்டட் பை அன் ஆபீசர்'

இணைக்கப்பட வேண்டியவை விண்ணப்பமும் சான்றிதழும். அலுவலரின் சான்றொப்பம் எதற்கு? ஆங்கிலத் தொடர் இரு பொருள் தரும்: சான்றிதழுக்கு மட்டும், அல்லது இரண்டுக்கும். விண்ணப்பத்துக்கு மட்டும் என்னும் பொருள் அதில் இல்லை. 'ஷல்' எண் காட்டாதாகையால் வினையாலும் ஐயம் தீரவில்லை.

துணைவாக்கியத்தை முன்னே கொணர்ந்து, 'அலுவலரால் சான்றொப்பமிடப்பட்ட விண்ணப்பமும் சான்றிதழும்' எனப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர் பலருக்கும் கைவந்த முறை. இத்தொடரும் இருபொருள்பாடு உடையதே. ஆனால், அப்பொருள்கள் வேறு: விண்ணப்பத்துக்கு மட்டும், அல்லது இரண்டுக்கும். ஆங்கிலத்தில் இல்லாத பொருள் புகுந்தது. இருந்த பொருள் நீங்கியது. இதற்குக் காரணம் வெளிப்படை. அடையின் இடம் பின்னிருந்து முன்னுக்கு மாறியது; எண்ணப்பட்ட பெயர்களின் வரிசை மாறவில்லை. ஆங்கிலத்தில் அண்மையாக இருந்த பெயர் தமிழில் சேய்மையாகிவிட்டது.

'விண்ணப்பமும் அலுவலரால் சான்றொப்பமிடப்பட்ட சான்றிதழும்' என எச்சத்தை நடுவே வைத்தால் சான்றிதழுக்கு மட்டும் என்னும் ஒரே பொருள் கிட்டும். இரண்டுக்கும் என்னும் பொருள் அடியோடு விலகும். ஆங்கில வாக்கியத்தின் இருபொருள்பாட்டை அவ்வாறே ஏந்தும் வரிசை பெயரெச்சத் தொடரில் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

6. இரண்டு தீர்ப்புகள்

அடை, தனக்கு அண்மையில் முன்நிற்கும் சொல்லையே தழுவும் என்பது ஆங்கிலச் சட்டப் பொருள்கோளில் அறியப்பட்ட நெறி. சதர்லாண்ட் 1891இல் எழுதிய சட்டப் பொருள்கோள் நூல் இதற்கு மேற்கோளாகக் காட்டப்பெறுவது. இந்நெறியின் வலிமையையும் வரம்பையும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் காட்டுகின்றன.

முதலாவது 2003 நவம்பரில் வழங்கப்பட்டது. மின்தூக்கி இயக்குநராகப் பணியாற்றிய ஒரு பெண்மணியின் பணியிடம் 1995இல் நீக்கப்பட்டது. உடல்நலக் குறைவைக் காட்டி 1996இல் அவர் இயலாமை உதவித்தொகை கோரினார். அவர் அவ்வேலையைச் செய்யும் உடல்நிலையில் இருப்பதாகக் கூறிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. அவ்வேலையே இப்போது நாட்டில் போதிய அளவில் இல்லையே என்பது அவர் வாதம். சட்டத்தின் வரையறை, ஒருவர் தம் முந்தைய வேலையைச் செய்ய இயலாதவராக இருப்பதோடு, வேறு எவ்வகை ஊதிய வேலையிலும் ஈடுபட இயலாதவராக இருத்தல் வேண்டும் எனக் கூறி, இறுதியில் 'விச்' தொடங்கும் துணைவாக்கியத்தால் 'நாட்டுப் பொருளாதாரத்தில் நிலவுகின்ற' என்னும் அடையைச் சேர்த்திருந்தது. அவ்வடை 'முந்தைய வேலை'க்கும் உரியது என மேல்முறையீட்டு நீதிமன்றம் கொண்டது. 'வேறு வேலை'க்கு மட்டுமே உரியது என உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவு செய்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்கலியா, வீட்டில் மகனைத் தனியே விட்டுச் செல்லும் பெற்றோரை உவமை காட்டினார். விருந்து வைத்தாலோ வீட்டுக்குச் சேதம் விளைவிக்கும் வேறு செயலில் ஈடுபட்டாலோ தண்டனை உண்டு என்று அவர்கள் கூறிச் சென்றால், சேதமின்றி விருந்து வைத்தேன் என்று மகன் தப்ப முடியாது. எனினும், இந்நெறி முழுமுதலானதன்று, பிற குறிப்புகள் அதனை வெல்லக்கூடும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

தமிழ் வாசகர் ஒன்றை உடனே உணர்வர். மேலே தந்த விருந்து வாக்கியத்தில் 'சேதம் விளைவிக்கும்' என்னும் எச்சம் விருந்துக்குப் பின்னே நிற்கிறது. அது விருந்தைத் தழுவ வழியே இல்லை. சட்ட வரையறையையும் 'முந்தைய வேலையைச் செய்ய இயலாதவராக இருப்பதோடு, நாட்டுப் பொருளாதாரத்தில் நிலவுகின்ற வேறு எவ்வகை வேலையிலும் ஈடுபட இயலாதவராகவும்' என இயல்பாகப் பெயர்த்தால், இரு நீதிமன்றங்கள் மாறுபட்ட வினா தமிழில் எழவே எழாது. வழக்கை மொழிபெயர்ப்பே தீர்த்துவிடும்.

இரண்டாவது தீர்ப்பு 2016 மார்ச்சில் வழங்கப்பட்டது. அங்குச் சிக்கலுக்கு உள்ளானது, இணைப்புப் பெயர் தொக்கு நின்ற ஓர் அடை. முந்தைய பாலியல் குற்றங்கள் மூன்றை 'அல்லது' கொண்டு அடுக்கி, இறுதியில் 'சிறார் தொடர்பான' என்னும் பொருளுடைய அடையைச் சட்டம் வைத்திருந்தது. அவ்வடை மூன்றாவது குற்றத்துக்கு மட்டும் உரியதாயின் 10 ஆண்டுக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை பொருந்தும். மூன்றுக்கும் உரியதாயின் பொருந்தாது, ஏனெனில் முந்தைய குற்றம் வயதுவந்த ஒருவர் தொடர்பானது. ஆறு நீதியரசர்கள் மூன்றாவதற்கு மட்டும் என்றனர். நீதியரசர் சோட்டோமேயர் தீர்ப்பை எழுதினார். இருவர் மாறுபட்டனர். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் கேகன், புதிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தோடு தொடர்புடைய நடிகரையோ இயக்குநரையோ தயாரிப்பாளரையோ சந்திக்க விரும்பும் தோழியை எடுத்துக்காட்டினார். இறுதியில் நிற்கும் அடை மூவருக்கும் உரியது என்பது கேட்ட அளவிலேயே விளங்கும் என்பது அவர் கருத்து.

கேகனின் எடுத்துக்காட்டைத் தமிழாக்கியபோது அடை தானாகவே முன்னே வந்துவிட்டதை நோக்குக. அவ்வரிசையில் அடை இறுதிப் பெயரை மட்டும் தழுவ இயலாது. அச்சட்டத் தொடரையும் அடை முன்னிற்கப் பெயர்ப்பவர், அறியாமலே பெரும்பான்மைத் தீர்ப்பை விலக்கிவிடுவார். மூன்றாம் குற்றத்துக்கு முன்னே வைத்துப் பெயர்ப்பவர் சிறுபான்மைத் தீர்ப்பை விலக்கிவிடுவார். பத்தாண்டுச் சிறைத்தண்டனை எச்சத்தின் இருப்பிடத்தைப் பொறுத்ததாகிறது.

7. மொழிபெயர்ப்பாளருக்கான வழிகள்

முதலாவது, துணைவாக்கியத்துக்கு முன்னுள்ள பெயர்கள் அனைத்தையும், முழு வாக்கியம் முற்பெயராகும் வாய்ப்பையும் பட்டியலிட்டு, இணைப்புப் பெயரின் வடிவம், வினையின் எண், காற்புள்ளி, பொருளியைபு என்னும் குறிப்புகளால் பொருந்தாதவற்றை நீக்குக. அண்மையை இறுதியிலேயே கருதுக.

இரண்டாவது, உடைமைத் தொடரில் ஐயம் நீங்க வினையாலணையும் பெயரைப் பயன்படுத்துக. பெயரெச்சம் காட்டாத திணை, பால், எண் ஆகியவற்றை அது காட்டும். 'நடிகையின் பணியாட்களுள் மாடி முகப்பில் இருந்தவனை' என்றால் ஐயமில்லை. நடிகையே முற்பெயராயின், 'எந்த நடிகை மாடி முகப்பில் இருந்தாரோ அவருடைய பணியாளை' என எ–அ இயைபுத் தொடரால் தெளிவாக்கலாம்.

மூன்றாவது, எண்ணுத்தொடரில் அடை இறுதிப் பெயருக்கு மட்டும் எனத் தெளிந்தால் எச்சத்தை அப்பெயருக்கு முன்னே வைக்க. எல்லாவற்றுக்கும் எனத் தெளிந்தால் எச்சத்தை முன்னே வைப்பது போதாது. 'விண்ணப்பம், சான்றிதழ் ஆகிய இரண்டும் சான்றொப்பம் பெற்றிருத்தல் வேண்டும்' எனத் தொகுத்துரைக்க.

நான்காவது, தெளிய வழியில்லையெனின், அல்லது முடிவு செய்யும் அதிகாரம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லையெனின், பெயரெச்சத்தை விட்டுவிடுக. 'விண்ணப்பமும் சான்றிதழும் இணைக்கப்படல் வேண்டும். அலுவலரின் சான்றொப்பம் பெற்றிருத்தல் வேண்டும்' எனப் பின்னைய வாக்கியத்தின் எழுவாயைத் தொகுத்து விடலாம். 'வேண்டும்' என்பது 'ஷல்' போன்றே எண் காட்டாதது. சான்றிதழுக்கு மட்டுமோ இரண்டுக்குமோ என்னும் ஐயம் ஆங்கிலத்தில் இருந்தவாறே தமிழிலும் நிற்கும்.

8. முடிவுரை

இணைப்புப் பெயர் எதைச் சுட்டுகிறது என்னும் வினாவை ஆங்கில இலக்கணத்தின் சிறு கூறாக மட்டும் கருதுதல் பொருந்தாது. உடைமைத் தொடரில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றுக்கொன்று கண்ணாடி, எண்ணுத்தொடரில் அவ்வாறில்லை. இவ்விரண்டையும் ஒரே முறையில் பெயர்க்கும் பழக்கமே பிழைக்கு வாயிலாகிறது. மூலம் தெளிவாக இருக்குமிடத்தில் தெளிவைத் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. மூலம் ஐயத்துக்கு இடம் தருமிடத்தில், அவ்வையத்தைக் குறையாமலும் கூடாமலும் வாசகரிடமும் நீதிமன்றத்திடமும் சேர்ப்பிப்பதும் அவர் கடமையே. அதற்குரிய வடிவம் தமிழில் உண்டு. ஆனால், அது பெயரெச்சத்துக்கு வெளியே இருக்கிறது.